ஆர்ப்பாட்டம் என்று எழுதினால் பிழையா?

(கித்துல்கலயில், தோட்டத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கூடியிருந்த ஒரு மாலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கொழுந்து நிறுத்து, வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டிவிட்டு, இந்த மழையில் நனைந்து வந்திருக்கிறீர்கள். தகரக் கூரைக்குக் கீழே மழை நேரத்தில் பேசுவது லேசான காரியமில்லை. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காவிட்டால் கையைத் தூக்குங்கள், நிறுத்தி மறுபடி சொல்கிறேன்.

ஒரு பிள்ளைக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பல வருஷமாகச் சொல்லாமல் இருக்கிறேன். அதற்காகத்தான் இந்த மேடையில் ஏற ஒத்துக்கொண்டேன்.

சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த காலம் அது. பத்துச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, தமிழில் பொருள் எழுதச் சொன்னேன். ஏழாவது சொல் ‘அப்ரோர்’. எல்லாரும் ‘கூச்சல்’, ‘பெரிய சத்தம்’ என்று எழுதியிருந்தார்கள். மேல் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளை ஒருத்தி மட்டும் ‘ஆர்ப்பாட்டம்’ என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனாவால் அதை வெட்டி, பக்கத்தில் ‘கூச்சல்’ என்று எழுதிக்கொடுத்தேன். கொப்பியை வாங்கிக்கொண்டு இடத்துக்குப் போனவள் திரும்பி வந்தாள்.

“சேர், ஆர்ப்பாட்டம்னு எழுதினா பிழையா?”

“ஆர்ப்பாட்டம்னா சம்பளம் கேட்டு ரோட்டுல நிக்கிறது. இது வெறும் சத்தம்” என்றேன்.

அவள் கொப்பியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள்: “எங்கம்மாங்க ரோட்டுல நின்னப்பவும் சத்தம்னுதானே சேர் சொன்னாங்க.”

மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் கலைந்து போனார்கள். அன்று ராத்திரி சொற்பிறப்பு சொல்லும் பெரிய அகராதியை எடுத்து அந்தச் சொல்லைத் தேடினேன். பார்த்ததும் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடவே முடியவில்லை. பிழை என்னுடையது. பிள்ளை எழுதியதுதான் அந்தச் சொல்லின் முதற்பொருள்.

விவரமாகச் சொல்கிறேன். ‘அப்ரோர்’ என்ற சொல்லில் பின்பாதி ‘ரோர்’. சிங்கம் கர்ச்சிப்பதை ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அதனால் ‘மேலெழும் கர்ச்சனை, பெருங்கூச்சல்’ என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆங்கிலேயருக்கும் அப்படித்தான் தோன்றியது. உண்மையில் அது ஆங்கிலச் சொல்லே இல்லை. டச்சு மொழியில் ‘ஒப்ரூர்’ என்று ஒரு சொல் உண்டு. ‘ஒப்’ என்றால் மேலே. ‘ரூர்’ என்றால் அசைவு, கிளறல். அடியில் கிடப்பது கிளர்ந்து மேலே வருவது, அதாவது கிளர்ச்சி. ஜெர்மன் மொழியிலும் இதன் உடன்பிறப்பு இன்றுவரை கலகம் என்ற பொருளில் இருக்கிறது. 1526இல் வில்லியம் டின்டேல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் அச்சிட்டபோது கலகம் என்ற பொருளுக்கு இந்தச் சொல்லை எடுத்தாண்டார். அப்போஸ்தலர் நடபடிகளில் முன்பு கலகம் செய்த எகிப்தியன் ஒருவனைப் பற்றி ஒரு கேள்வி வருகிறது. அங்கே ஆங்கில வேதாகமத்தில் இருப்பது ‘அப்ரோர்’. தமிழ் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள், ‘கலகம்’ என்றுதான் இருக்கும். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் மூலப் பொருளைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். நான்தான் தவறவிட்டேன்.

பிறகு என்ன நடந்தது? ஆங்கிலக் காது ‘ரூர்’ என்பதை ‘ரோர்’ என்று கேட்டது. கேட்டபடியே எழுதியது, எழுதியபடியே பொருளையும் மாற்றிக்கொண்டது. காலம் போகப் போகக் கிளர்ச்சி போய்விட்டது, கூச்சல் மிஞ்சியது. எதற்காக எழுந்தார்கள் என்ற பாதி உதிர்ந்து, எவ்வளவு சத்தம் போட்டார்கள் என்ற பாதி மட்டும் தங்கிவிட்டது.

இந்த டச்சுக்காரர் நமக்கு அந்நியர் இல்லை. 1656இல் கொழும்பைப் பிடித்து 1796 வரை, நம் களனி ஆறு கடலில் விழும் இடத்தை ஆண்டவர்கள். ‘கந்தோர்’ என்று நாம் சொல்வது அவர்கள் சொல். ‘கக்கூசு’ அவர்கள் சொல். ‘ஒப்ரூர்’ மட்டும் நம்மிடம் வரவில்லை, ஆங்கிலத்துக்குப் போய்விட்டது.

இனித் தமிழுக்கு வருவோம். நம்மிடம் நேர் எதிரான காரியம் நடந்திருக்கிறது. ‘ஆர்ப்பு’ என்பது சங்க காலத்துச் சொல். ஆர்த்தல் என்றால் உரத்து ஒலித்தல். வெற்றி பெற்ற படை ஆர்க்கும், திருவிழாக் கூட்டம் ஆர்க்கும், கடல் ஆர்க்கும். அதனால்தான் கடலுக்கே ‘ஆர்கலி’ என்று பெயர் வந்தது. வெறும் ஒலியைச் சொன்ன அந்த வேரிலிருந்து கிளைத்த ‘ஆர்ப்பாட்டம்’ இன்று எதைச் சொல்கிறது? பதாகை பிடித்து, கோரிக்கை வைத்து, வீதியில் நிற்பதை. ‘கோஷம்’ என்பதும் அப்படித்தான். வடமொழியில் அது ஓசை. இன்று நமக்கு அது ஒரு கூட்டம் ஒரே குரலில் வைக்கும் கோரிக்கை. சிங்களத்தில் அதே வேரிலிருந்து வந்த ‘கோசாவ’ இன்னும் சத்தமாகவே இருக்கிறது. ஆங்கிலம் கிளர்ச்சியைச் சத்தமாக்கியது. தமிழ் சத்தத்தைக் கிளர்ச்சியாக்கியது. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்ததில்லை இது. ஆனாலும் என் மனம் தமிழின் பக்கம்தான் சாய்கிறது, அதை மறைக்கப் போவதில்லை.

பிள்ளைகளே, பரீட்சைக்கு வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் சத்தத்துக்குப் பல சொற்கள் உண்டு, ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட முடியாது. இஸ்டோரில் தேயிலை ரோலர்கள் சுற்றும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காதே, ஓயாமல் காதை அடைக்கும் அந்த இரைச்சல் ‘டின்’. ஞாயிற்றுக்கிழமை எட்டியாந்தோட்டைச் சந்தையில் நூறு பேர் ஒரே நேரத்தில் பேரம் பேசும் சந்தடி ‘ஹபப்’. பக்கத்து லயத்தில் ராத்திரி பதினொரு மணிக்குப் பாட்டுப் பெட்டியை உச்சத்தில் வைத்தால் அது ‘ராக்கெட்’. பந்தடிக்கும் மட்டைக்கும் கள்ள வியாபாரத்துக்கும் அதே உச்சரிப்புத்தான், இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும். ‘அப்ரோர்’ இவற்றோடு சேராது. அதற்குள் கோபம் இருக்க வேண்டும், அந்தக் கோபத்துக்கு ஒரு காரணமும் இருக்க வேண்டும். மெஷின் சத்தத்தை யாரும் ‘அப்ரோர்’ என்று எழுதமாட்டார்கள். பாராளுமன்றத்தில் உறுப்பினர்கள் எழுந்து நின்று சபையை நடத்தவிடாமல் செய்தால் சபை ‘அப்ரோரில்’ இருக்கிறது என்பார்கள். அதற்குத் தமிழ்ப் பத்திரிகை ‘அமளி’ என்று தலைப்புப் போடும். விலையேற்றத்துக்கு எதிராக நாடே கொதித்தால், யாரும் வாய் திறந்து கத்தாவிட்டாலும், கைபேசியில் எழுதினாலே போதும், ‘அப்ரோர்’ என்கிறது ஆங்கிலப் பத்திரிகை. சத்தமே இல்லாத ‘அப்ரோர்’! ஐந்நூறு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல் தன் டச்சு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

‘அமளி’ என்றேனே, பழந்தமிழில் அதற்குப் படுக்கை என்றும் பொருள். ‘களேபரம்’ முன்பு உடலைக் குறித்தது. ‘அமர்க்களம்’ போர்க்களம். சத்தத்துக்கான சொற்கள் எங்கிருந்தெல்லாம் வந்து சேர்ந்திருக்கின்றன பாருங்கள். தொல்காப்பியர் உரியியலில் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்று நான்கைச் சொல்லி, நான்கும் அரவம் என்ற பொருளைத் தரும் என்கிறார். அதோடு விடவில்லை. அவற்றுள் அழுங்கல் என்பதற்கு இரக்கம், கேடு என்ற பொருள்களும் உண்டு என்று அடுத்த நூற்பாவில் சேர்க்கிறார். இந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நிற்பேன். ஒரு சத்தம் கேட்கிறது. அது கேட்டினால் எழுந்த சத்தமாக இருக்கலாம், கேட்பவர் நெஞ்சு இரங்க வேண்டிய சத்தமாக இருக்கலாம். பல நூற்றாண்டுக்கு முந்திய ஓர் இலக்கணப் புலவர் அதை ஒரே சொல்லுக்குள் கேட்டிருக்கிறார்.

இரங்காத காதுக்கு என்ன கேட்கும் என்பதற்கு இரண்டு சொற்களைச் சொல்கிறேன். சற்று முன் சந்தைக்குச் சொன்ன ‘ஹபப்’, அயர்லாந்து மக்களின் குரலிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் என்பது அறிஞர்கள் கருத்து. அந்நாட்டவர் ‘அபூ’ என்று போர்முழக்கம் இட்டதை, ஆண்டவர்கள் ‘ஹபப்’ என்று கேட்டார்கள் என்கிறார்கள். இரண்டாவது சொல் நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. முகரம் ஊர்வலத்தில் முஸ்லிம்கள் மார்பில் அடித்துக்கொண்டு, கொல்லப்பட்ட ஹசனையும் ஹுசைனையும் பெயர் சொல்லி அழைத்து அழுவார்கள். இந்தியாவில் இருந்த வெள்ளைச் சிப்பாய்களுக்கு அந்த அழுகை ‘ஹாப்ஸன் ஜாப்ஸன்’ என்று கேட்டது. தங்கள் ஊரில் இருவருக்கு இருக்கக்கூடிய சாதாரணக் குடும்பப் பெயர்கள் அவை. பிறகு அதுவே கூத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் அவர்கள் வைத்த பெயராயிற்று. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதிக்குப் பெயரே ‘ஹாப்ஸன் ஜாப்ஸன்’தான். பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தென்னிந்திய எழுத்துகளை ஆராய்ந்த பெரிய படிப்பாளி. அந்த அகராதி இல்லாமல் நான் இந்தச் சொல் தேடும் வேலையே செய்திருக்க முடியாது. மேசையில் எப்போதும் இருக்கும் புத்தகம். ஆனால் அட்டையைப் பார்க்கும்போதெல்லாம், இது யாரோ அழுத அழுகை என்று நினைவு வந்துவிடுகிறது.

நம் ஊருக்குள்ளேயே இப்படி ஒரு சொல் இரண்டு முகத்தோடு நடமாடுகிறது. ‘கோலாகலம்’. நம் பத்திரிகையில் தேர்த்திருவிழா கோலாகலமாக நடக்கும், கலியாணம் கோலாகலமாக நடக்கும். வடமொழியில் அது பெருங்கூச்சல். அதே சொல் சிங்களத்தில் ‘கோலாஹலய’ என்று இருக்கிறது, அங்கே அது கலவரம். சப்ரகமுவவில் நம் பிள்ளைகள் பலர் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள், வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். காலையில் ஒரு பொருள், மாலையில் இன்னொரு பொருள். 1915இல் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையைச் சிங்களத்தில் ‘கோலாஹலய’ என்றே எழுதுகிறார்கள். அதற்கு முன்னால் கம்பளையில் நடந்த வழக்கும் சத்தத்தைப் பற்றியதுதான்: பெரஹரா ஊர்வலம் பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் ஒலிக்கலாமா, கூடாதா என்று. மேளத்தில் தொடங்கியது ஊர்கள் எரிவதில் போய் முடிந்தது.

‘கலவரம்’ என்று நாம் சொல்லும் சொல்லிலும் எனக்குக் குறை உண்டு. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தைப் பக்கத்துத் தோட்டங்களில் லயங்களைக் கொளுத்தினார்கள். 1983இல் தமிழர்களுக்கு எதிராக நடந்ததைப் பற்றி இந்தக் கூட்டத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அதைக் ‘குழப்பநிலை’ என்ற பொருளில் எழுதினார்கள், நாமும் கலவரம் என்றோம். கலவரம் என்றால் இரு தரப்பும் கலந்து சத்தமிட்டதாக ஆகிறது. தேயிலை மலைக்குள் கைக்குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சுவிடாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த ஒரு தாய் எந்தச் சத்தத்தை எழுப்பினாள்? அவள் இருந்த பக்கத்துக்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை.

சத்தமே போடாமல் இருந்தாலும் குற்றம் சாட்டலாம் என்பதற்கு நம் கேகாலை மாவட்டத்திலேயே ஒரு வழக்கு உண்டு. உந்துகொடப் பக்கத்தில் நேவ்ஸ்மயர் என்றொரு தோட்டம். நம் மக்கள் வாயில் உருளவள்ளி. காணியில்லாத கிராமத்தவருக்குப் பகிர்ந்துகொடுப்பதற்காக அரசாங்கம் அந்தத் தோட்டத்தை எடுத்துக்கொண்டது. காணியில்லாதவருக்குக் காணி கொடுப்பது நியாயமான காரியம்தான். அங்கே பிறந்து வளர்ந்து உழைத்தவர்களுக்கும் காணியில்லை என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. லயங்களைவிட்டுப் போகும்படி அறிவித்தல் கொடுத்தார்கள். அவர்கள் போகவில்லை. 1946இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது, கேகாலைத் தோட்டங்கள் நின்றன. போகாமல் இருந்தவர்கள் மேல் குற்றவியல் அத்துமீறல் வழக்குப் போட்டார்கள்.

அந்தச் சட்டப் பிரிவை நான் வாசித்துப் பார்த்தேன். ஒருவர் வசமுள்ள இடத்தில் நுழைந்தோ தங்கியோ இருப்பது மட்டும் குற்றமாகாது. குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லை கொடுக்கவோ நோக்கம் இருக்க வேண்டும். இவர்கள் யாரையும் மிரட்டவில்லை. லயத்தின் காம்பரா அறைக்குள் அடுப்பு மூட்டிச் சோறு பொங்கிக்கொண்டு இருந்தார்கள். ஆகவே, அப்படி இருப்பதே தொல்லை கொடுப்பதாகும் என்று வாதிட்டார்கள். வழக்கு இலண்டனில் பிரிவி கவுன்சில் வரை போனது. இப்படி இருந்தால் எதிர்த்தரப்புக்குத் தொல்லையாகும் என்று ஒருவருக்குத் தெரிந்திருந்தால் மட்டும் போதாது, தொல்லை கொடுப்பதே அவருடைய முதன்மையான நோக்கம் என்று காட்ட வேண்டும் என்று 1950இல் அது தீர்ப்புச் சொன்னது. இன்றைக்கும் சட்டம் படிக்கும் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் தீர்ப்பு அது. அது ஒரு லயத்துக் காம்பராவிலிருந்து பிறந்தது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தீர்ப்பு வருவதற்குள் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் வந்துவிட்டது. காம்பராவில் இருக்கும் உரிமையைப் பற்றி நீதிமன்றம் பேசிக்கொண்டிருந்தபோது, நாட்டில் இருக்கும் உரிமையே போய்விட்டது.

கேட்காமல் போன குரல் ஒன்று இந்த ஊரோடும் சேர்ந்திருக்கிறது. கித்துல்கல என்றால் வெளியூர்க்காரருக்கு இரண்டுதான் தெரியும். ஒன்று ஆற்றில் ரப்பர் படகு விடுவது. இன்னொன்று அந்தப் படம். ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்’. டேவிட் லீன் இயக்கி 1957இல் வந்தது, ஏழு ஒஸ்கார் விருது வாங்கியது. நம் களனி ஆற்றின் மேல் மரத்தால் பாலம் கட்டினார்கள். யானை பூட்டி மரம் இழுத்தார்கள், இந்தப் பக்கத்து மனிதர்கள் கூலிக்குத் தோள் கொடுத்தார்கள். கடைசியில் ரயிலோடு சேர்த்து அந்தப் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த வெடிச் சத்தம் உலகம் முழுவதும் திரையரங்குகளில் கேட்டது. பாலம் இருந்த இடத்தைப் பார்க்க இன்றும் வெள்ளைக்காரர் வந்து போகிறார்கள், நம் பிள்ளைகள் வழிகாட்டி நாலு காசு பார்க்கிறார்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் அந்தப் படம் எந்த ரயிலைப் பற்றியது? சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையில் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. 1943 ஒக்டோபரில் முடிந்தது. அதைப் போடும்போது 12,000க்கும் மேற்பட்ட வெள்ளைப் போர்க் கைதிகள் செத்தார்கள். செத்த ஆசியத் தொழிலாளர் அதைவிடப் பல மடங்கு, 90,000 வரை இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும் எண்ணிக்கையினர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன தமிழர்கள். நம்மைப் போலவே கங்காணியின் கீழ் கப்பலேறியவர்கள், நம் பாட்டன் பாட்டிக்கு ஒன்றுவிட்ட உறவாகக்கூட இருக்கலாம். காலராவிலும் பசியிலும் காட்டுக்குள் செத்தார்கள். படத்தில் கைதிகள் சீட்டியடித்துக்கொண்டு வரிசையாக வரும் காட்சி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தமிழ்த் தொழிலாளியை அந்தப் படத்தில் தேடிப் பாருங்கள். தமிழர் குடியிருக்கும் தோட்டங்களுக்கு நடுவில், தமிழர் செத்த ரயிலைப் பற்றிப் படம் எடுத்தார்கள். அவர்களுடைய ஒரு முனகல்கூட அதில் கேட்கவில்லை. மலேசியாவில் ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ நாவலைத் தேடி வாசியுங்கள். அந்தக் குரலை நம் மொழியில் கேட்கலாம்.

இத்தனை நேரம் ஆண்டவர்களின் காதைப் பற்றிப் பேசினேன். நம் காதைப் பற்றியும் பேசாவிட்டால் நியாயமாகாது.

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ‘பறையாமல் இரு’ என்றால் பேசாமல் இரு என்று பொருள். மலையாளத்திலும் பறைதல் என்றால் பேசுதல்தான். பேச்சுக்குப் பெயராக இருந்த சொல்லே வாத்தியத்துக்கும் பெயராக இருக்கிறது. பறை சேதி சொன்னது: சாவைச் சொன்னது, வெள்ளம் வருவதைச் சொன்னது, அரசாணையைச் சொன்னது. அந்தப் பேச்சை வாசித்தவர்களை நாம் என்ன செய்தோம்? ஊருக்கு வெளியே நிறுத்தினோம். ஆங்கிலக்காரன் வந்து பார்த்து, அந்தச் சாதிப் பெயரையே எடுத்து, ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் தன் மொழியில் சேர்த்துக்கொண்டான். இன்று உலகம் முழுக்கச் செய்திகளில் ஒதுக்கப்பட்ட நாட்டைக்கூட அந்தச் சொல்லால்தான் சொல்கிறார்கள். தமிழ் உலகத்துக்குக் கொடுத்த சொற்களில் நான் தலைகுனியும் சொல் அது. கப்பலேறிக் கடல் தாண்டி வந்த பிறகும், லயத்துக்குள்ளேயும், தப்பு என்று நாம் சொல்லும் அந்தப் பறையை அடிக்கிறவர் வீட்டில் தண்ணீர் குடிக்காதவர்கள் இருந்தார்கள். இல்லை என்று யாராவது சொல்லட்டும்.

தப்பைச் சத்தம் என்று நினைப்பவர்கள் அதைப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. என் பெரியப்பா பெரட்டுத் தப்பு அடித்தவர். பரேட் என்ற ஆங்கிலச் சொல்தான் நம் வாயில் பெரட்டு ஆயிற்று. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. நான் சின்னப் பையனாக இருந்தபோது விடியுமுன் அவரோடு எழுந்து உட்காருவேன். கித்துல்கல மழை உங்களுக்குத் தெரியும், ராத்திரி முழுக்கப் பெய்யும். தோல் ஈரத்தில் தொய்ந்து கிடக்கும், அடித்தால் ‘பொத்’ என்று சாக்கில் அடித்த மாதிரி இருக்கும். வைக்கோலோ காய்ந்த மானாப் புல்லோ கொஞ்சம் போட்டுத் தீ மூட்டி, தப்பை அதன் மேல் சாய்த்துப் பிடித்து மெல்லச் சுற்றுவார். தோலிலிருந்து ஆவி கிளம்பும். விரல் நுனியால் தட்டுவார், காதைச் சாய்ப்பார், மறுபடி சுற்றுவார். அப்படித் தட்டித் தட்டிப் பார்க்கையில் ஒரு தடவை ‘டங்’ என்று ஒரு கண்டிப்பான ஓசை வரும். உடனே தீயைவிட்டு எடுத்துவிடுவார். இன்னும் ஒரு நிமிஷம் வைத்தால் தோல் வெடித்துவிடும். வலது கையில் அடிக்குச்சி, இடது கையில் மெல்லிய நீளமான சிண்டுக்குச்சி. பெரட்டுக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி, காமன் கூத்துக்கு வேறு அடி. படுக்கையில் கிடந்தபடியே எங்களுக்குத் தெரியும், அது வேலைக்கா, சாவுக்கா என்று. சாவு அடி கேட்டால் என் பெரியம்மா பாயிலேயே எழுந்து உட்கார்ந்து, “யாரா இருக்கும்?” என்பார்.

பட்டணங்களில் ராத்திரியில் மேளம் அடிப்பதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்று 1865ஆம் ஆண்டுப் பொலிஸ் கட்டளைச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். தூக்கம் கெடுமாம். விடியுமுன் லயத்து வாசலில், பிள்ளை பெற்று மூன்று நாளான பெண்ணின் தலைமாட்டில் அடித்த பெரட்டுத் தப்பால் யாருடைய தூக்கம் கெட்டது என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. 

சத்தத்தில் சேதி இருப்பது தப்புக்கு மட்டும் உரியதில்லை. ஆற்றில் படகு விடும் நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். வளைவு திரும்புமுன்னே, முன்னால் வருவது எந்தப் பாய்ச்சல், பாறை முங்கியிருக்கிறதா வெளியே தெரிகிறதா என்று தண்ணீரின் இரைச்சலை வைத்தே சொல்லிவிடுவார்கள். படகில் இருக்கும் வெளிநாட்டுக்காரருக்கு எல்லாம் ஒரே இரைச்சல்தான். ஆற்றோடு வாழ்ந்தவனுக்கு அதில் சேதி இருக்கிறது.

வீதியில் எழும் சத்தமும் அப்படித்தான். 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி மலையகத்து இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கறுப்பு உடுத்திக் காலிமுகத்திடலில் கூடினார்கள். அம்மாமாருக்கு ஒரு நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று கேட்டார்கள். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள், கம்பனிகளில் இருப்பவர்கள், எந்தத் தொழிற்சங்கமும் பஸ் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகாமல் தாங்களாகவே போனவர்கள். ஆயிரம் ரூபாய் வர்த்தமானியில் வந்தது 2021இல். அந்த இளைஞர்கள் கத்தினார்கள், கோஷம் போட்டார்கள், அது சத்தம்தான். நாம் அதற்கு வைத்த பெயர் ஆர்ப்பாட்டம்.

அந்தப் பிள்ளை இன்று இந்தக் கூட்டத்தில் இருக்கிறாளா என்று வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கலியாணமாகி அவிசாவளைப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. தாயே, உன் அம்மா இங்கே இருந்தால் அவர் மூலமாவது உனக்குச் சொல்லியனுப்புகிறேன்: ஏழாவது விடை சரி. சிவப்புக் கோடு என்னுடைய பிழை. அந்தக் கொப்பி இன்னும் இருந்தால் கொண்டு வா, என் கையாலேயே திருத்திக் கொடுக்கிறேன்.

இதற்குப் பிறகு கீழ் லயத்து ஐயா தப்பு வாசிக்கிறார். ஒவ்வொரு அடியும் என்ன சொல்கிறது என்று அவரே நிறுத்தி நிறுத்திச் சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் முன்னுக்கு வந்து உட்காருங்கள். தம்பி, வெளியே தீ இருக்கிறதா பார். இந்த ஈரத்துக்குத் தோல் இன்னும் கொஞ்சம் காய வேண்டியிருக்கும்.